செவிலிய ஆய்வுக் கட்டுரையை வாசித்து வார்டில் பயன்படுத்துவது எப்படி

செவிலியப் பணி குறித்து அண்மைக் காலத்தில் வெளிவரும் ஆய்வுகளைப் பெரும்பாலும் இரண்டு கிளைகளில் அடக்கிவிடலாம். ஒன்று நோயாளிப் பராமரிப்பு: ஐவி கேனுலாவை (இரத்த நாளத்தில் செருகி மருந்து செலுத்தும் குழாயை) எப்போது மாற்றுவது, படுக்கையில் இருப்பவரை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து கொடுக்கும்போது நேரும் பிழைகளை எப்படிக் குறைப்பது என்பன போன்றவை. மற்றொன்று செவிலியரின் பணி வாழ்வு: ஒருவர் எத்தனை நோயாளிகளைக் கவனிக்கிறார், ஷிப்ட் எவ்வளவு நீளம், பணிச்சோர்வு எங்கிருந்து வருகிறது, வேலையை விட்டுப் போக நினைப்பவர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பவை. முதல் கிளையில் சோதனை ஆய்வுகள் நிறைய உண்டு. இரண்டாவதில் பெரும்பகுதி கேள்வித்தாள் ஆய்வுகளே. ஆகவே இரண்டையும் ஒரே கண்ணோடு வாசிக்கக் கூடாது. அதேசமயம் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் வாசித்தாலும் பயனில்லை. ஏனெனில் முதல் கிளை பரிந்துரைக்கும் எந்தப் பராமரிப்பும், அதைச் செய்ய வார்டில் ஆள் இருக்கிறதா என்ற இரண்டாம் கிளையின் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது. டியூட்டிக்கு நடுவில் கிடைக்கும் சிறிது நேரத்தில் ஒரு கட்டுரையை எடுத்து, அது நம் வார்டுக்குப் பொருந்துமா என்று முடிவு செய்ய வேண்டிய செவிலியருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பிரச்சினையைத் தேடுவதைவிட, வார்டில் இருக்கும் பிரச்சினையை வைத்துக்கொண்டு கட்டுரையைத் தேடுவது நல்லது. பிரச்சினையைத் தேடக்கூடிய கேள்வியாக மாற்ற நான்கு கூறுகள் போதும்: யாருக்கு, எதைச் செய்தால், எதோடு ஒப்பிடும்போது, என்ன விளைவு. “கேனுலா பராமரிப்பு” என்று தேடினால் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து குவியும். “பொது வார்டில் உள்ள வயது வந்த நோயாளிகளுக்கு, கேனுலாவைத் தேவைப்படும்போது மட்டும் மாற்றினால், மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றுவதோடு ஒப்பிடும்போது, நரம்பு வீக்கம் (கேனுலா செருகிய இரத்த நாளத்தின் வீக்கம்) அதிகமாகுமா?” என்று கேட்டால் தேடல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நான்காவது கூறான விளைவைத்தான் பெரும்பாலோர் எழுத மறக்கிறார்கள். வலி, தொற்று, மரணம், செலவு, செவிலியரின் நேரம் ஆகியவற்றில் எது உங்களுக்கு முக்கியம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், கட்டுரை எதை அளந்திருக்கிறதோ அதையே முக்கியம் என்று ஏற்றுக்கொள்ள நேரிடும்.

தேடுவதற்கு பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் முழுக் கட்டுரையும் இலவசமாக உள்ளவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. சினால் என்ற தரவுத்தளம் செவிலியத் துறைக்கென்றே உருவானது; ஆனால் கட்டணச் சந்தா தேவை என்பதால் கல்லூரி நூலகம் வழியாகத்தான் பலருக்கும் கிடைக்கும். ஒரே கேள்வி குறித்த பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட முறையான மீளாய்வு காக்ரேன் நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு தனி ஆய்வுகளுக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் செவிலியத் துறையிலும் பெருகிவிட்டன. அனுப்பிய சில நாட்களிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரை, ஆசிரியர் குழுவின் பெயர்கள் தெளிவாக இல்லாத இதழ், பப்மெட்டின் மெட்லைன் பட்டியலிலோ டிஓஏஜே என்ற திறந்த அணுகல் ஆய்விதழ்ப் பட்டியலிலோ காணப்படாத இதழ் ஆகியவற்றைக் கண்டால் ஒதுங்கிப் போவதே மேல்.

முடிவுரையை முதலில் வாசிக்காதீர்கள்

சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் வாசித்து நகர்ந்துவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. சுருக்கம் என்பது ஆசிரியர் தம் ஆய்வைப் பற்றிச் சொல்ல விரும்புவது. முறையியல் பகுதிதான் அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறது. தலைப்பைப் பார்த்தவுடன் முறையியலுக்குப் போய், நோயாளிகள் யார், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, விளைவை யார் அளந்தார்கள், அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்பது தெரிந்திருந்ததா என்பவற்றைப் பாருங்கள். அடுத்ததாக, இரு குழுக்களின் வயது, நோய் முதலியவற்றைக் காட்டும் முதல் அட்டவணையைப் பாருங்கள். அந்த அட்டவணையில் இருப்பவர்கள் உங்கள் வார்டில் படுத்திருப்பவர்களைப் போல இருக்கிறார்களா என்பதே அங்கு கேட்க வேண்டிய கேள்வி. பிறகு முடிவுகள். கலந்துரையாடல் பகுதியைக் கடைசியாக, நேரமிருந்தால் வாசித்தால் போதும். ஆனால் அதில் ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் பத்தியை மட்டும் விடாதீர்கள்.

கேனுலா குறித்த கேள்வியையே எடுத்துக்கொண்டு இந்த முறையை நடத்திப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் கிளேர் ரிக்கார்ட் குழுவினர் நடத்திய சோதனை 2012-இல் லான்செட் இதழில் வெளியானது. 3,283 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு மூன்றாம் நாளில் கேனுலா கட்டாயமாக மாற்றப்பட்டது. மற்றக் குழுவினருக்கு வலி, சிவத்தல், கசிவு, அடைப்பு போன்ற காரணம் இருந்தால் மட்டுமே மாற்றப்பட்டது. நரம்பு வீக்கம் இரண்டு குழுக்களிலும் 7 சதவீதம். கட்டாய மாற்றத்தால் நோயாளிக்குக் கூடுதலாக ஓர் ஊசிக் குத்தும் செவிலியருக்குக் கூடுதல் வேலையும் வந்ததைத் தவிர, நரம்பு வீக்கத்தைப் பொறுத்தவரை வேறு லாபம் ஒன்றும் தெரியவில்லை. இந்த இடத்தில் கட்டுரையை மூடிவிட்டு, மறுநாள் முதல் வழக்கமான மாற்றத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றும்.

மூடும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, “தேவைப்படும்போது மாற்றுவது” என்ற சொற்றொடருக்குள் ஒளிந்திருக்கும் வேலை என்ன? ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் கேனுலா மேல் போட்ட கட்டைப் பார்த்து, தொட்டு, வலிக்கிறதா என்று நோயாளியைக் கேட்டு, அதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். இரவில் ஒருவரே முழு வார்டையும் பார்க்கும் இடத்தில் அந்தக் கண்காணிப்பு நடக்காது. நடக்காத இடத்தில் நாள் கணக்கு என்ற பழைய விதியே நோயாளிக்குப் பாதுகாப்பாக அமையலாம். இரண்டாவது, ஆய்வு எதை அளந்தது, எதை அளக்கும் அளவுக்குப் பெரியதாக இல்லை? கேனுலா வழியாக இரத்தத்தில் தொற்று ஏற்படுவது அரிது. மூவாயிரம் பேரைக் கொண்ட சோதனையில் அதில் வரும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவிட்டு, 4 லட்சத்துக்கும் அதிகமான கேனுலாக்களைப் பின்தொடர்ந்தபோது இரத்தத் தொற்று கூடியது தெரிந்தது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. இது 2021-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு. இது குலுக்கல் முறைச் சோதனை அல்ல என்பதால் அந்தக் காலகட்டத்தில் மாறிய வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். இருந்தாலும் இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை, இரண்டும் வெவ்வேறு விளைவுகளை அளந்திருக்கின்றன. கேள்வியின் நான்காவது கூறை எழுதி வைத்திருப்பவர்களுக்கு இது உடனே தெரியும்.

நிபந்தனை ஒன்று உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் போவது இன்னொரு பொதுவான தவறு. படுக்கைப் புண் வரக்கூடியவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது செவிலியக் கல்வியின் முதலாண்டுப் பாடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2013-இல் வெளியான சோதனையொன்றில், இரண்டு, மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை திருப்பப்பட்டவர்களிடையே புண் ஏற்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அவர்கள் எல்லோருமே அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தையில் படுத்திருந்தார்கள். திருப்பியதும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்யப்பட்டது. நைந்துபோன மெத்தையில் நான்கு மணி நேர இடைவெளியைக் கடைப்பிடித்துவிட்டு அந்த ஆய்வைச் சான்று காட்டினால், அந்த ஆய்வைப் பின்பற்றியதாகவே ஆகாது.

முறையான மீளாய்வு என்றாலும் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. வெண்டிலேட்டரில் இருப்பவர்களுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவம் கொண்டு வாயைச் சுத்தம் செய்வது நீண்ட காலம் நிமோனியாவைத் தடுக்கும் நல்ல வழக்கமாகக் கருதப்பட்டது. 2014-இல் வெளியான மறுபகுப்பாய்வு, ஆய்வுகளை நோயாளி வகை வாரியாகப் பிரித்துப் பார்த்தது. இதய அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் பயன் தெரிந்தது. மற்றவர்களிடம் அது உறுதியாகவில்லை என்பதோடு மரணம் கூடக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. பல் துலக்கிவிடுவதும் வாயை ஈரமாக வைத்திருப்பதும் அதனால் கைவிடப்பட வேண்டியவை அல்ல. திரவத்தைத்தான் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருந்தது.

எண்களைச் சொந்த வார்டின் எண்ணாக மாற்றுங்கள்

லிண்டா எய்க்கன் தலைமையில் 2002-இல் ஜாமா இதழில் வெளிவந்த ஆய்வுதான் செவிலியர் எண்ணிக்கை குறித்த விவாதத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுவது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில், 2,32,342 அறுவை சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளையும் 10,184 செவிலியரின் பதில்களையும் அது இணைத்துப் பார்த்தது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், சேர்க்கப்பட்ட 30 நாட்களுக்குள் மரணம் நிகழும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடியது. இந்த வரியைப் பலர் “நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாக இறக்கிறார்கள்” என்று படித்துவிடுகிறார்கள். உண்மை அதுவல்ல. உங்கள் இடத்தில் ஆயிரம் பேரில் 20 பேர் இறக்கிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 7 சதவீதக் கூடுதல் என்பது அந்த 20-ஐ ஏறத்தாழ 21 ஆக்கும். சிறிதாகத் தெரிகிறதே என்று இகழவும் வேண்டாம். நான்கு நோயாளிகளைப் பார்த்தவர் எட்டுப் பேரைப் பார்க்க வேண்டி வந்தால் 1.07-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், கிடைப்பது 1.31. கட்டுரையிலும் 31 சதவீதம் என்றே அது வருகிறது. அப்போது 20 என்பது 26-ஐ நெருங்கும்.

அந்த 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் 1.03 முதல் 1.12 வரை என்று ஓர் இடைவெளியும் அச்சாகியிருக்கும். அதுதான் நம்பக இடைவெளி. உண்மையான விளைவு 3 சதவீதமாகவும் இருக்கலாம், 12 சதவீதமாகவும் இருக்கலாம் என்று அது சொல்கிறது. விகிதங்களைப் பொறுத்தவரை இடைவெளி 1-ஐத் தாண்டி இருபுறமும் விரிந்திருந்தால், ஆய்வு எந்தத் திசையையும் உறுதியாகச் சொல்லவில்லை என்று கொள்ளுங்கள். பி மதிப்பு (முடிவு தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்பதை மதிப்பிட உதவும் எண்) 0.05-க்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவதைவிட, இடைவெளியின் இரண்டு முனைகளையும் உங்கள் வார்டின் எண்ணிக்கையில் வைத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல். இரண்டில் எந்த முனை உண்மையாக இருந்தாலும் நாம் எடுக்கும் முடிவு மாறாது என்றால் அந்தக் கட்டுரை வேலைக்கு உதவும்.

பணி வாழ்வு ஆய்வுகளை வாசிக்கும் விதம்

இந்தக் கிளையில் வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட கேள்வித்தாள் ஆய்வுகள். களைப்பும் கவனிப்பின் தரமும் சேர்ந்தே போகின்றன என்பதை அவை காட்டும். எது எதற்குக் காரணம் என்பதைக் காட்டாது. களைத்துப்போனவர் சரியாகக் கவனிக்க முடியாமல் போகிறாரா, சரியாகக் கவனிக்க முடியாத வார்டில் இருப்பதால் களைத்துப்போகிறாரா? இரண்டுமே நடக்கும். அதோடு, வேலைப்பளுவையும் கவனிப்பின் தரத்தையும் ஒரே ஆள் ஒரே தாளில் மதிப்பிடும்போது, அன்றைய மனநிலை இரண்டு பதில்களையும் ஒரே பக்கமாக இழுத்துவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, வேலைப்பளு ஓரிடத்திலிருந்தும் விளைவு வேறோரிடத்திலிருந்தும் வந்ததா என்பதை. எய்க்கன் ஆய்வு வலுவாக நிற்பதற்கு ஒரு காரணம், செவிலியரின் பதில்கள் தனியாகவும் மரணப் பதிவுகள் தனியாகவும் இருந்தன என்பதே. ஐரோப்பாவில் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளையும் 4,22,730 நோயாளிகளையும் கொண்டு 2014-இல் லான்செட்டில் வந்த ஆய்விலும் அதே அமைப்பு இருந்தது. கூடுதல் நோயாளி ஒருவருக்கு அதே 7 சதவீதம் அங்கேயும் கிடைத்தது. பட்டப்படிப்பு முடித்த செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடும்போது மரண வாய்ப்பு 7 சதவீதம் குறைந்ததையும் அது காட்டியது.

இவையும் ஒரு காலகட்டத்தின் நிழற்படங்கள்தானே, பணக்கார மருத்துவமனையில் செவிலியரும் அதிகம், கருவிகளும் அதிகம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்த ஆய்வு வேண்டும். குயின்ஸ்லாந்தில் 2016-இல் பகலில் ஒரு செவிலியருக்கு 4 நோயாளிகள், இரவில் 7 நோயாளிகள் என்ற விகிதம் சட்டமாயிற்று. விகிதத்தை நடைமுறைப்படுத்திய 27 மருத்துவமனைகளையும் நடைமுறைப்படுத்தாத 28 மருத்துவமனைகளையும் மேத்யூ மெக்ஹியூ குழுவினர் ஒப்பிட்டு 2021-இல் லான்செட்டில் எழுதினார்கள். ஒப்பீட்டு மருத்துவமனைகளில் மரணம் குறையவில்லை, மறுசேர்க்கை கூடியது. விகிதம் வந்த இடங்களில் மரணம் குறைந்தது, மறுசேர்க்கை கூடவில்லை, தங்கும் நாட்களும் மற்ற இடங்களைவிட அதிகமாகக் குறைந்தன. தவிர்க்கப்பட்ட மறுசேர்க்கையிலும் தங்கும் நாட்களிலும் மிஞ்சிய பணம், கூடுதல் செவிலியருக்கான செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நிர்வாகத்திடம் பேசப் போகும் செவிலியர் கையில் ஒரு கட்டுரையைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால், நான் இதைத்தான் எடுத்துச் செல்லச் சொல்வேன். அதை நீட்டும்போது, அங்கே நோயாளிகளின் நோய்த்தன்மை வேறு, துணைப் பணியாளர் அமைப்பு வேறு என்ற மறுப்பு வரும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஷிப்ட் நீளம் பற்றிய ஆய்வுகளில் அளக்கும் முறையைக் கூர்ந்து பாருங்கள். அமெரிக்காவில் 393 செவிலியர் தம் ஷிப்டுகளையும் பிழைகளையும் அவ்வப்போது குறிப்பேட்டில் எழுதி வந்த ஆய்வு 2004-இல் வெளியானது; 12.5 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தபோது பிழை நேரும் அபாயம் மூன்று மடங்கானது. ஐரோப்பாவின் 12 நாடுகளில் 31,627 செவிலியரிடம் கேட்ட ஆய்வு 2014-இல் வந்தது. அதில் 12 மணி நேரமும் அதற்கு மேலும் ஷிப்ட் பார்த்தவர்கள் கவனிப்பின் தரம் குறைவு என்றும் வேலைகள் விடுபட்டன என்றும் அதிகமாகச் சொன்னார்கள். முன்னது அன்றன்றைக்கு எழுதியது, பின்னது பிறகு நினைவுகூர்ந்தது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதால் நம்பிக்கை கூடுகிறது. ஆனால் நீண்ட ஷிப்டை விரும்பிக் கேட்கும் செவிலியரும் ஏராளம், வாரத்தில் வேலைக்கு வரும் நாட்கள் குறைகின்றன என்பதற்காக. ரோஸ்டரை மாற்றப் போகிறவர்கள் இந்த விருப்பத்தை எண்களின் பின்னால் மறைத்துவிட்டால், திட்டம் முதல் மாதத்திலேயே முறியும்.

பணிச்சோர்வு குறித்த சதவீதங்களை மட்டும் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளுங்கள். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் உணர்ச்சி வறட்சி, நோயாளியிடமிருந்து மனம் விலகுதல், சாதித்த உணர்வு ஆகிய மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் பணிச்சோர்வு என்பதை ஆய்வாளர்கள் தத்தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவர்களைப் பற்றிய 182 ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் ஜாமாவில் வந்த மீளாய்வு, பணிச்சோர்வுக்குக் குறைந்தது 142 வெவ்வேறு வரையறைகள் இருந்ததையும், அளவு 0 முதல் 80.5 சதவீதம் வரை ஏறி இறங்கியதையும் காட்டியது. செவிலியர் ஆய்வுகளில் நிலைமை இதைவிடச் சீராக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை. எனவே “பாதிப்பேருக்குப் பணிச்சோர்வு” என்ற வரியைக் கண்டால், எந்தக் கூற்று, எந்த எல்லை மதிப்பெண் என்று முறையியலில் தேடுங்கள். எத்தனை பேருக்குத் தாள் கொடுத்து எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். நீண்ட விடுப்பில் போனவரும் வேலையை விட்டவரும் அந்தக் கணக்கில் இருக்கவே மாட்டார்கள். மன உறுதிப் பயிற்சி அளித்து, பயிற்சி முடிந்த அன்றே, ஒப்பீட்டுக் குழுவும் இல்லாமல், “இப்போது எப்படி உணர்கிறீர்கள்” என்று கேட்டு எழுதும் கட்டுரைகள் இந்தத் துறையில் மிகுதி. அவற்றுக்கு நான் மதிப்பளிப்பதில்லை. அறைக்குள் மூச்சுப் பயிற்சி முடித்து வெளியே வருபவரின் கையில் அதே எண்ணிக்கை நோயாளிகள்தான் இருக்கிறார்கள்.

எண்களே இல்லாத, நேர்காணலும் குழு உரையாடலும் கொண்ட பண்புசார் ஆய்வுகளைத் தரம் குறைந்தவை என்று ஒதுக்காதீர்கள். பியாட்ரிஸ் கேலிஷ் 2006-இல் இரண்டு மருத்துவமனைகளின் செவிலியப் பணியாளர்களோடு குழுக்குழுவாகப் பேசி எழுதிய கட்டுரைதான் விடுபட்ட பராமரிப்பு என்ற ஆய்வுத் தளத்தையே திறந்து வைத்தது. நடக்க வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, உணவூட்டுவது, நோயாளிக்குக் கற்பிப்பது, வீடு திரும்பும் ஏற்பாடு, ஆறுதலாகப் பேசுவது, உடல் சுத்தம், உட்கொண்டதும் வெளியேறியதும் பதிவது, கண்காணிப்பு ஆகிய ஒன்பதும் வழக்கமாக விடுபடுகின்றன என்று அவர் கண்டார். மாத்திரையும் ஊசியும் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்: கையெழுத்துப் போட வேண்டியதும் மருத்துவர் கேட்கக்கூடியதும் நடந்துவிடுகின்றன, யாரும் கேட்காதது விடுபடுகிறது. இத்தகைய கட்டுரையை வாசிக்கும்போது, யாரோடு பேசினார்கள், மேலதிகாரி அறையில் இருந்தாரா, முடிவுக்கு எதிரான குரல்களையும் ஆசிரியர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எத்தனை சதவீதம் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

இரண்டு கிளைகளும் சேரும் இடம்

சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் 98 செவிலியரைப் பின்தொடர்ந்து, 4,271 முறை மருந்து கொடுப்பதை நேரில் கவனித்து 2010-இல் எழுதினார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறுகள் 12.1 சதவீதமும் மருந்துப் பிழைகள் 12.7 சதவீதமும் கூடின. அதற்குத் தீர்வாகப் பல இடங்களில் “மருந்து கொடுக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்” என்று எழுதிய மேலங்கி வந்தது. அதே வெஸ்ட்புரூக் குழுவினர் அந்த மேலங்கியையும் குலுக்கல் முறைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் குறுக்கீடுகள் குறைந்தது உண்மை. ஆனால் அணிவதும் கழற்றுவதும் நேரத்தைத் தின்கிறது, புழுக்கமாக இருக்கிறது என்று செவிலியர் சொன்னார்கள். அதை நிரந்தர நடைமுறையாக்க அவர்களில் பாதிப்பேர்கூட ஆதரவு தரவில்லை. குறுக்கீடுகளைக் குறைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று, அதைச் செய்ய வேண்டியவர் மனத்தில் ஏன் நிற்கவில்லை என்பதையும் சேர்த்து அளந்ததால்தான் இந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கும். வேறு எந்தத் தலையீட்டு ஆய்வை வாசித்தாலும், செவிலியரின் நேரத்துக்கும் உடம்புக்கும் அது என்ன செய்தது என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

வார்டுக்குக் கொண்டுவரும்போது

நல்ல கட்டுரை கிடைத்துவிட்டது, நோயாளிகளும் பொருந்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதையும் மாற்றும் முன் இப்போதைய நிலையை அளந்து வையுங்கள். இல்லாவிட்டால் பிறகு மாற்றம் நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கேனுலா உதாரணத்தில், இரண்டு வாரம் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை கட்டுகள் பார்க்கப்பட்டன, எத்தனை பதிவாயின, எத்தனையில் நரம்பு வீக்கம் இருந்தது என்பவற்றை எண்ணினால் போதும். பத்தில் நான்கு கட்டுகள் மட்டுமே பார்க்கப்பட்டன என்று தெரிய வந்தால், முதலில் திருத்த வேண்டியது கண்காணிப்பை. மாற்றும் விதியைப் பிறகு தொடலாம். வார்டு பொறுப்பாளர், செவிலியக் கண்காணிப்பாளர், தொற்றுத் தடுப்புக் குழு ஆகியோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் நடைமுறையில் இருக்கும் நெறிமுறையை மாற்றாதீர்கள். கட்டுரை லான்செட்டில் வந்தது என்பது பாதுகாப்பு ஆகாது.

தொடங்கும்போது ஒரே வார்டில், ஒரே மாற்றத்தை மட்டும் வையுங்கள். வாரத்துக்கு ஒரு புள்ளி வீதம் சுவரில் மாட்டிய வரைதாளில் குறித்து வந்தால், இயல்பான ஏற்ற இறக்கம் எது, உண்மையான மாற்றம் எது என்பது சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும். முன்பு ஓர் எண், பின்பு ஓர் எண் என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டால் தற்செயலையும் வெற்றி என்று எழுதிவிடுவோம். யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே முதல் சில வாரங்கள் வேலை செம்மையாக நடக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எதிர்விளைவைக் காட்டும் அளவு ஒன்றும் கூடவே வேண்டும்: புதிய படிவத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரம் எந்த வேலையிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஹேண்ட் ஓவர் சமயத்தில் கேட்டு எழுதுங்கள். கேலிஷின் ஒன்பதில் ஏதாவது ஒன்று புதிதாக விடுபடத் தொடங்கியிருந்தால், மாற்றத்தின் விலை அதுதான். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையது ஒன்றை நிறுத்த நிர்வாகத்திடம் அனுமதி கேட்பது நியாயமான கோரிக்கை; இரண்டு பதிவேடுகளில் ஒரே தகவலை எழுதும் வேலை எந்த வார்டிலும் தேடினால் அகப்படும்.

உங்கள் முயற்சியைப் பின்னால் மாநாட்டிலோ ஆய்விதழிலோ வெளியிடும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். தரமேம்பாட்டு முயற்சிக்கு நோயாளியின் தனி ஒப்புதல் தேவையில்லை என்று அவர்கள் சொல்லலாம், தேவை என்றும் சொல்லலாம். வேலை முடிந்த பிறகு கேட்டால் அந்தத் தரவை வெளியிட முடியாமலே போகலாம். எழுதும்போது, மாற்றம் பலனளிக்கவில்லை என்றாலும் அதே விரிவோடு எழுதுங்கள். எத்தனை செவிலியர், எத்தனை நோயாளிகள், எந்த ஷிப்ட் அமைப்பில் அது முயன்று பார்க்கப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே தந்துவிட்டால், வேறொரு வார்டில் அதை வாசிப்பவர் தம் வார்டுக்குப் பொருந்துமா என்று முடிவு செய்துகொள்வார். மாற்றத்தைத் தொடர்வதா கைவிடுவதா என்று முடிவெடுக்கும் தேதியைத் தொடங்கும் நாளிலேயே குறித்து, எந்த எண் வந்தால் நிறுத்துவது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.